கிராஃபீன் பங்குதாரர்

பங்குதாரர்களில் பல ஜாதி உண்டு. காலையில் வாங்கி மாலையில் விற்பவர், லாப ஈவு வரும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர், மாமனார் சொன்னாரே என்று வாங்கிவிட்டு அடியோடு மறந்தவர் என்று. மான்செஸ்டர் நகரில் நான் குடியிருந்த தெருவில் எதிர்வீட்டுக்காரராக இருந்த, தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற கனவான் இவற்றில் எதிலும் சேராதவர். அவர் கிராஃபீன் பங்குதாரர்.

அவரிடம் க்ஷேமம் விசாரித்தாலே போதும். சட்டைப் பையிலிருந்து பென்சில் வெளிவந்துவிடும். காகிதத்தில் ஒரு கோடு இழுத்து, பென்சிலில் உள்ள கிராஃபைட்டில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் முப்பது லட்சம் ஏடுகள் அடுக்கியிருப்பதையும், அதில் ஓர் ஏடுதான் கிராஃபீன் என்பதையும், 2004-இல் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் இருவர் கடையில் விற்கும் ஒட்டு நாடாவால் அதை உரித்தெடுத்து 2010-இல் நோபல் பரிசு வாங்கியதையும், தாமே அருகில் நின்று நாடாவை நீட்டிக் கொடுத்தவரைப்போல வர்ணிப்பார். முடிவில் பூனைப் படலம். ஒரு சதுர மீட்டர் கிராஃபீனில் தூளி கட்டினால் நான்கு கிலோ எடையுள்ள பூனையை அது தாங்குமாம். தூளியின் எடையோ அந்தப் பூனையின் ஒற்றை மீசை மயிரளவுதானாம். இது அவருடைய கற்பனையன்று. நோபல் பரிசளித்தவர்களே சொன்ன உவமானம். அதைப் படித்த வாரமே அவர் ஒரு பூனைக்குட்டி வாங்கினார்.

லண்டன் பங்குச் சந்தையில் கம்பெனி அறிவிப்புகள் காலை ஏழு மணிக்கு வெளிவரத் தொடங்கும். ஆறே முக்காலுக்கே தேநீர்க் கோப்பையுடன் அவர் ஆஜர். 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்றிருந்தால் முகம் மலரும். 'வாடிக்கையாளர் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பப்பட்டது' என்றிருந்தால் அன்று தெருவில் எல்லோருக்கும் வந்தனம் கிடைக்கும். வருமானம் எவ்வளவு என்ற பக்கத்துக்கு மட்டும் அவர் போவதில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தை முன்கூட்டிப் படிப்பது ரசக்குறைவு என்பது அவர் சித்தாந்தம். ஆராய்ச்சிக்குப் பணம் போதாமல் கம்பெனி புதுப் பங்குகளைச் சந்தை விலைக்கும் கீழே பெரிய புள்ளிகளுக்கு விற்கும்போதெல்லாம் அவருடைய பாத்தியதை ஓர் ஏடு உரிந்து போகும். அவர் வாங்கிய கம்பெனி இப்படி ஐந்து முறை உரித்துவிட்டது.

2018-இல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் அறுபது கம்பெனிகளின் சரக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பழைய கிராஃபைட் தூள்தான். இதை நான் மெதுவாகப் பிரஸ்தாபித்தபோது, "அதெல்லாம் மற்ற ஐம்பத்தொன்பது கம்பெனிகள்" என்றார், கொஞ்சமும் கலங்காமல். அவர் முழு ஏமாளி என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ஃபோர்டு கம்பெனி தன் கார்களின் எஞ்சின் பகுதி உறுப்புகளில் கிராஃபீனைக் கலக்க முன்வந்தது. 2021-இல் ஏம்ஸ்பரி என்னும் ஊரில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் தரைக்குக் கிராஃபீன் சேர்த்த கான்கிரீட் கொட்டினார்கள். நம்மவர் அந்தத் தரையைத் தரிசிக்க ரயிலேறிப் போனார். அந்த இரண்டு சரக்குமே அவருடைய கம்பெனியுடையது அல்ல என்பது அவர் பக்தியைப் பாதிக்கவில்லை.

"அலுமினியத்தைப் பாருங்கள்!" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். 1825-இல் பிரித்தெடுத்த அந்த உலோகம், 1886-இல் மலிவாகச் செய்யும் வழி தெரியும்வரை, விலையில் பொன்னோடும் வெள்ளியோடும் போட்டியிட்டது. மூன்றாம் நெப்போலியன் பிரதம விருந்தினருக்கு அலுமினியக் கரண்டி வைத்ததாகக் கர்ணபரம்பரைக் கதை. நியாயம்தான். அறுபத்தொரு வருஷத்தை 2004-உடன் கூட்டினால் 2065 வருகிறது. அவருக்கு இப்போதே அறுபத்தெட்டு வயது. கூட்டிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

சென்ற முறை போனபோது, பங்கு வாங்கிய விலையில் பத்தில் ஒன்றாக இறங்கியிருந்தது. அவர் சராசரி விலையைக் குறைப்பதற்காக மேலும் ஆயிரம் பங்குகள் வாங்கியிருந்தார். பூனை ஆண்டறிக்கையின்மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு கிலோவுக்குக் குறையாது.