பேராண்டிக்கு ஒரு சொறிப் பாடம்

ஏலே பேராண்டி, ஐந்தோவனுக்கு வேலைக்குக் கெளம்புதியாமே. ஊறுகா, பருப்புப்பொடியெல்லாம் உங்க ஆத்தா கட்டிருவா. நான் ஒரு வார்த்தையக் கட்டித் தாரேன்: 'க்ராப்பென்'. டச்சுக்காரன் சொறியறதுக்கு அதான் பேரு. சிரிக்காதல. அந்த ஒத்தச் சொல்ல வச்சே அங்க பாதிக் காலத்த ஓட்டிரலாம்.

மேனேஜர் கேட்டது வெளங்கலேன்னா நாம தலையச் சொறிவோம். அவுக காதுக்குப் பின்னால சொறிவாக. சந்தேகம்னாலும் மறுயோசனைன்னாலும் அவுக வழக்குல அதுதான். விடாம சொறிஞ்சா 'க்ராபெலென்'. வாலுல 'எலென்' ஒட்டினா, அதையே திரும்பத் திரும்பச் செய்யான்னு அர்த்தம். பேனாவால காகிதத்தச் சொறிஞ்சாலும் அதேதான். உன் கையெழுத்துக்கு மட்டும் தனிப்பேரு, 'சேவக்கால்'ம்பாக. முன்னால 'ஒப்' போட்டா, விழுந்தவன் தட்டுத்தடுமாறி எந்திரிக்கது. சீக்காளி தேறுனாலும் அதான். 'தெருஹ்' போட்டா, சொன்ன சொல்லுலருந்து நைசா நழுவுறது. அத உங்க சித்தப்பனுக்குன்னே செஞ்சிருக்கான். பொண்ணு பாத்து, வெத்தில பாக்கு மாத்தி, அப்புறம்... சரி, அது எதுக்கு இப்ப.

இதுக்கு ஒரு பங்காளி உண்டு, 'ஸ்ஹ்ராபெலென்'. அவனும் சொறியறவன்தான். 16-ம் நூற்றாண்டுலயே கடல் தாண்டி இங்கிலீசுல 'ஸ்க்ராபிள்'னு குடியேறிட்டான். 1611-ல வந்த இங்கிலீசு பைபிளப் பாரு. தாவீது உசுருக்குப் பயந்து காத் ஊருல பைத்தியக்கார வேசங்கட்டி, வாசக்கதவுல பண்ணுன வேலைக்கு இந்தச் சொல்லத்தான் போட்டிருக்கு. கதவுல கிறுக்குனவன் கிறுக்கன்! தமிழனுக்கு இத வெளக்கணுமாக்கும்?

அமெரிக்காவுல வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ் ஒரு எழுத்து வெளையாட்டு உண்டாக்கி வச்சிருந்தாரு. 1948-ல ஜேம்ஸ் புரூனோ அதுக்கு இந்தச் சொறிப் பேரையே சூட்டுனாரு. மறுவருசம் 2,400 பெட்டி வித்து, 450 டாலர் நட்டம். அப்புறமா கொட்டுன காசுக்குக் கணக்கில்ல. நீயானா மொத மாசமே 'தெருஹ்' போட்டிருப்ப.

இன்னொன்னு. அங்க மார்கழிக் குளிருல காத்தால காருக் கண்ணாடி மேல பனி இறுகிக் கெடக்கும். அதச் சுரண்டுறதும் க்ராப்பென்தான். அதுக்குன்னே சுரண்டி விக்கான், போன ஒடனே வாங்கிரு. பேங்க் கார்ட வச்சுச் சுரண்டி ஒடச்சிட்டு, ராத்திரி எனக்குப் போனப் போடாதல.