மரச்சாமான் எண்ணெய்த் தேர்வியல்: மீன்சுருட்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மரத்துக்கு எந்த எண்ணெயைப் பூசுவது என்ற கேள்வியை நம் ஆய்வுலகம் தீண்டியதாகத் தெரியவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கருங்கல்லுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளிகூடப் பக்கத்து மீன்சுருட்டியின் பெஞ்சுப் பலகைக்கு வாய்க்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

முதலில் முன்னோர் முயற்சி. மரம் கெடாதிருக்க இப்பகுதி கண்ட ஆதி உபாயம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கிறது: சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான, 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. எண்ணெய் கேட்காது, கரையான் அண்டாது. ஆனால் ஆசாரியின் இழைப்புளி உடையும். காத்திருப்புக் காலமும் சற்றே அதிகம். எனவே தள்ளுபடி.

காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும் எண்ணெயே மரத்துக்கு உகந்தது என்பது வேதியியலார் கட்சி. நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை விழுங்குகிறது என்று அளப்பார்கள்; அதிகம் விழுங்குவதே நன்றாக இறுகும். ஆளிவிதை எண்ணெய் சுமார் 170-க்கு மேல். நல்லெண்ணெய் 110 பக்கம். தேங்காயெண்ணெய் பத்தை எட்டவே திணறும். ஆகவே ஆளிவிதைக்கே மாலை. என்ன, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நாற்காலி பளபளக்கும், வீடு மிஞ்சினால்.

மீன்சுருட்டிக்கு ஆளிவிதை அயலூர்ச் சரக்கு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரிக்காடு; ஆகவே முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய்தான் மண்ணின் மைந்தன். கரையானுக்கு எமன். கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். கொட்டை உடைக்கும் பெண்கள் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஓர் எண்ணெயிடமிருந்து தப்ப இன்னோர் எண்ணெய் பூசும் இந்த விநோதம் தனி ஆய்வேட்டுக்குரியது. ஆகையால் கைபடாத உத்தரத்துக்கும், சுவருக்குள் மறையும் நிலைக்காலுக்கும் முந்திரி ஓட்டெண்ணெய் உத்தமம். நாற்காலிக்குப் பூசினால் விருந்தாளி மறுமுறை வரமாட்டார். அதுவே நோக்கமென்றால் தாராளமாகப் பரிந்துரைக்கிறோம்.

உட்காரும் மரத்துக்கு என்ன வழி? பழைய ஓட்டுவீட்டுத் திண்ணைத் தூணைப் பாருங்கள். அடி வெளிறியிருக்கும், உச்சியில் ஒட்டடை; நடுவே ஒரு சாண் மட்டும் மினுமினுக்கும். தாத்தாவின் பின்னந்தலை படும் இடம் அது. தேங்காயெண்ணெய் இறுகாது என்ற விதி தாத்தாவுக்குத் தெரியாது. தலையெண்ணெய், வியர்வை, சாய்ந்தபடி போடும் மதியத் தூக்கத்தின் உராய்வு மூன்றும் சேர்ந்து தினம் ஒரு கோட்டிங் ஏறுகிறது. உப்புத்தாள் செலவில்லை, ஆசாரி கூலி இல்லை. ஈஸிசேரின் கைப்பிடிக்கும் இதே தத்துவம்தான்.

இம்முறைக்குப் பகை போகிப் பண்டிகை. பிசுக்கு என்று சொல்லிச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துவிடுகிறார்கள். இரண்டு தலைமுறைப் பூச்சு அரைமணியில் சாக்கடை சேர்கிறது. அதன்பின் சாய வேண்டிய பேரப்பிள்ளைகளோ ஷாம்பு போட்டவர்கள். போதாக்குறைக்கு, தூணருகே சார்ஜ் போட வழியில்லாததால் அவர்கள் திண்ணைப் பக்கமே வருவதில்லை. தூணில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துச் சோதிக்க உத்தேசம். வீட்டுக்காரர் சம்மதித்ததும் இரண்டாம் பாகம் வெளிவரும்.