கழித்துப் பார்த்த இலங்கை

இலங்கைக்குப் போகிறவன் எதையெல்லாம் அவசியம் பார்த்தே தீரவேண்டும் என்பதைப் பற்றி, அங்கே போகாதவர்களுக்கு இருக்கும் ஞானம் போய் வந்தவர்களுக்கு ஒருநாளும் வாய்ப்பதில்லை. திருவனந்தபுரத்து வலியசாலையில், எதிரும் புதிருமாக நிற்கும் அக்கிரகாரத்து வீடுகளில், நான் பிரயாணம் புறப்படுகிற சமாசாரம் விடியற்காலையில் பால்காரர் வாயிலாகக் கிளம்பி, சாயங்கால தீபாராதனைக்குள் காந்தளூர் மகாதேவர் சந்நிதியையே எட்டிவிட்டது. மறுநாள் முதல் ஜாபிதாக்கள் வந்து குவியத் தொடங்கின. "அசோகவனம் பாக்காம மட்டும் திரும்பிடாதேடா, அம்பி" என்று மூன்றாம் வீட்டு மாமா கட்டளையிட்டார். சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்யும் சிநேகிதர், தரிசனங்களெல்லாம் அப்புறம், அசல் கறுவாப்பட்டை எங்கே மலிவாகக் கிடைக்கிறதென்று பார்த்து வருவதே பிரதானம் என்று அபிப்பிராயப்பட்டார். கல்லூரியில் வாசிக்கும் அவருடைய பெண்ணோ, ஓடுகிற ரயிலின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளாதவன் இலங்கைக்குப் போனதாகவே கணக்கில்லை என்று தீர்ப்பளித்துவிட்டாள்.

இவற்றையெல்லாம்விட ஜனங்களைக் கலக்கியது, சுற்றுலாக் கம்பெனிக்காரர்களின் கூட்டத்தோடு சேராமல் நான் தனியே போகிறேன் என்பதுதான். எங்கள் தெருவின் சம்பிரதாயப்படி தனியே தேசாந்தரம் போகிறவர்கள் இரண்டே வகையினர்: ஒருவர் சந்நியாசி, மற்றவர் கடன்காரர். நான் எந்த வகை என்பதை என் முகத்தைப் பார்த்தே அவர்கள் நிர்ணயித்துக்கொண்டார்கள்.

ஜாபிதாக்களோடு புத்தகக் கடையில் வாங்கிய வழிகாட்டி நூலையும் சேர்த்துவைத்து ஆராய்ந்தபோது, இவையாவும் குளிர்தேசத்திலிருந்தோ டில்லியிலிருந்தோ வருகிறவனை உத்தேசித்து எழுதப்பட்டவை என்பது விளங்கிற்று. விமானம் மேலே எழும்பி, பணிப்பெண் நீட்டும் தண்ணீரை வாங்கிக் குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் கொழும்பில் இறக்கிவிடுகிற தூரத்தில் குடியிருக்கும் ஒருவன், தென்னந்தோப்பையும், மணற்கரையையும், ரப்பர் தோட்டத்தையும், பலாமரத்தையும், உத்ஸவத்து யானையையும், நாலு மணிக்குத் தவறாமல் வந்து சேரும் மழையையும் டாலர் கொடுத்துத் தரிசிக்க வேண்டுமென்பதற்கு யாதொரு நியாயமும் இல்லை. கடற்கரைகள் என்றிருந்த பக்கத்தைக் கோவளத்தையும் சங்குமுகத்தையும் நினைத்துக்கொண்டு ஒரே கோடாக அடித்தேன். தேயிலை மலைகளுக்கு எதிரே பொன்முடி என்று எழுதிப் பாதி அடித்தேன். நுவரெலியாவின் தோட்டங்கள் பொன்முடியைக் காட்டிலும் பெரியவை என்பதையும், அவற்றை உண்டாக்கியவர்கள் நம் சீமையிலிருந்து கங்காணிமார் அழைத்துப்போன ஜனங்கள் என்பதையும் உத்தேசித்து மற்றப் பாதியை விட்டுவைத்தேன். இவ்வாறு உள்ளூரில் உள்ளதைக் கழித்து, மீதியை மட்டும் பார்ப்பதென்பது என் சித்தாந்தம்.

சித்தாந்தத்துக்கு முதல் சோதனை சாப்பாட்டு விஷயத்தில் நேர்ந்தது. ஆகாய மார்க்கமாகச் சமுத்திரம் தாண்டிப் போனவனுக்கு, முதல்நாள் காலையில் புட்டு, இரவில் இடியப்பம், மறுநாள் ஆப்பம் என்று எங்கள் வீட்டு அடுக்களையே பின்தொடர்ந்து வந்தது. தேங்காயைச் சிவக்கச் சிவக்க மிளகாயோடு இடித்து இலையில் வைத்தபோது, நம்முடைய சம்மந்தியல்லவா இது என்று பந்துவைக் கண்ட பிரீதியோடு கை நீண்டது. ஆயினும் எதற்கும் இருக்கட்டுமென்று, கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரை, "இதில் மாசி ஏதும் உண்டோ?" என்று விசாரித்தேன். அவர் என் சைவத்தை நொடியில் புரிந்துகொண்டு, மிகுந்த பரிவோடு, "கொஞ்சந்தான் ஐயா, வாசத்துக்கு" என்றார். சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் கருங்காலிக் கட்டைபோலக் காயவைத்துச் சீவிப்போடும் அந்த வஸ்து, இலங்கைச் சம்பலில் உப்பைப்போல எங்கும் நிறைந்து, எங்கும் கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பது. சைவக் கடை என்று பலகை தொங்குகிற இடத்தைத் தேடி நடப்பது அன்றுமுதல் என் தினசரி தீர்த்தயாத்திரை ஆயிற்று. அந்த யாத்திரையில் நான் பார்த்த சந்துபொந்துகள் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

கழித்தலுக்குத் தப்பி நின்றவற்றுள் முதலாவது சிகிரியா. சமதரையிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறையாக எழும்பி நிற்கும் இதன் தலையிலே, தகப்பனாகிய தாதுசேனனைக் கொன்று பட்டத்துக்கு வந்த காசியப்பன் என்ற ராஜா, ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அரண்மனையும் தடாகமும் சமைத்துக்கொண்டு குடியிருந்தான். பட்டத்துக்கு உரிய தம்பி மொக்கல்லானன் நம்முடைய தென்னிந்தியாவுக்கு ஓடிவந்துவிட்டபடியால், அவன் சேனையோடு திரும்புவதைத் தூரத்திலேயே கண்டுகொள்ள இப்படியொரு வாசஸ்தலம் அவசியமாயிற்று என்பார்கள். தம்பி பதினெட்டு வருஷம் கழித்து, 495இல் வந்தான். அண்ணன் அத்தனை உயரத்தை விட்டுக் கீழே இறங்கிப்போய் யுத்தம் செய்தான். சேற்றுநிலம் எதிர்ப்பட்டதால் அவனுடைய யானை சற்றே விலகித் திரும்ப, ராஜா புறங்காட்டுகிறார் என்று எண்ணிச் சேனை முழுவதும் ஓடிப்போயிற்று. அவன் தன் கத்தியாலேயே தன்னை மாய்த்துக்கொண்டான். படியேறி மூச்சுவாங்குகிறவனுக்கு இந்தக் கதையைச் சொல்வதில் வழிகாட்டிகளுக்கு ஒரு விசேஷ ஆனந்தம் உண்டு.

சீட்டு விற்குமிடத்தில், சார்க் நாட்டுப் பிரஜையானால் அன்னியருக்குரிய கட்டணத்தில் பாதி போதும் என்று, என் பாஸ்போர்ட்டை விரித்துப் பார்த்துச் சலுகை கொடுத்தார்கள். பாதிக் கட்டணக்காரனுக்குப் பாதிப் படியென்று ஏதும் ஏற்பாடில்லை; ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் முழுசாகவே இருந்தன. பாதி உயரத்தில், சுழன்றேறும் இரும்புப் படிக்கட்டின் உச்சியிலே, அந்தப் பிரசித்தமான சித்திரப் பெண்கள், இடுப்புவரை மேகத்தில் மறைந்து, கையில் புஷ்பத்தட்டு ஏந்தி, மேலே ஏறிவந்தவனைச் சிறிதும் லக்ஷ்யம் செய்யாமல் நிற்கிறார்கள். அங்கே புகைப்படம் எடுக்கத் தடை. அவர்களுக்குக் கீழே, ஒருகாலத்தில் முகம் தெரியும்படி மெருகேற்றியிருந்த கண்ணாடிச் சுவர் நீளுகிறது. அதிலே, காசியப்பனுக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த இடத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பொன்னிறப் பெண்களே ஏன் எங்களோடு பேசமாட்டேன் என்கிறீர்கள் என்ற பாவனையில், ஆசையும் ஆற்றாமையுமாகச் சிங்களத்தில் கவிபாடிக் கீறிவைத்துப் போயிருக்கிறார்கள். செனரத் பரணவிதான என்ற பண்டிதர் அவற்றுள் 685 பாடல்களை வாசித்தெடுத்து 1956இல் அச்சேற்றினார். எங்கள் வீட்டு மதிலில் கரியால் கிறுக்கிய பையனை நான் காதைத் திருகியிருக்கிறேன். ஆயிரத்து இருநூறு வருஷம் பொறுத்திருந்தால் அவனுக்கும் ஒரு பரணவிதான வந்திருக்கக்கூடும். மேலே, சிங்கத்தின் பாதங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் மேடையில், குளவிகள் உண்டு, சத்தம் போடாதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகையைக் கண்டேன். வம்பளப்பில் தேர்ந்த ஒரு பெருங்கூட்டம் பூரண மௌனத்தில் நிற்பதைப் பார்க்கவேண்டுமானால், சிகிரியாவுக்கு ஈடான ஸ்தலம் ஆசியா கண்டத்திலேயே இருக்கமுடியாது.

கண்டியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தலதா மாளிகையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எதிரே உள்ள ஏரியை வெட்டுவித்த கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன் என்பதும், 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள் என்பதும், அங்கேயே 1832இல் அவன் காலமானான் என்பதும், ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை கொறிக்கும்போது ஞாபகம் வருகின்றன. சிவனொளிபாதமலையை, அதன் 2,243 மீட்டர் உயரத்தை உத்தேசித்தும், பௌத்தர், சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் என்று நாலு திறத்தாரும் உச்சியிலுள்ள ஒரே சுவட்டுக்கு உரிமை கொண்டாடி யாதொரு சச்சரவுமின்றி ஏறி இறங்குகிறார்கள் என்ற நல்ல செய்தியே போதும் என்று திருப்தியடைந்தும், அடிவாரத்திலிருந்தே நமஸ்கரித்தேன்.

மலைநாட்டு ரயில் நம்மூர் ரயிலிலிருந்து வேறு ஜாதி. நானுஓயாவில் ஏறி எல்ல என்ற ஊர்வரை போனால், பெட்டிக்குப் பெட்டி வாசற்படியில் வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் கேசம் பறக்கத் தொங்குவதையும், அவர்களைத் தாண்டி இறங்கவேண்டிய தோட்டத்துக் கிழவி, "கொஞ்சம் வழி விடுங்க ராசா" என்று கூடையோடு நிற்பதையும் காணலாம். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில், ரயில் வரும் நேரத்துக்கு ரயிலில் உள்ளவர்களைக் காட்டிலும் அதிகமான பேர் ரயிலைப் படம் எடுக்கக் காத்திருக்கிறார்கள். என் வோட்டு அந்தப் பாலத்துக்கு இல்லை. அதற்கு அப்பால் உள்ள தெமோதரை என்ற சிறு ஸ்டேஷனுக்கே. சரிவு அதிகமானபடியால் தண்டவாளத்தை ஒரே இறக்கமாக விடாமல், மலையைச் சுற்றிக் கொண்டுபோய், ஸ்டேஷனுக்கு நேர் கீழேயே ஒரு குகைவழியாக நுழைய விட்டிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நம்மை வழியனுப்பிய ஸ்டேஷன் மாஸ்டரின் காலடிக்குக் கீழே, சிறிது நேரம் கழித்து, நாம் போய்க்கொண்டிருப்போம். தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கங்காணியைப் பார்த்து இந்த யுக்தி தோன்றிற்றென்று ஒரு கதை வழங்குகிறது. கதை நிஜமோ பொய்யோ, தமிழனுக்கு அதை நம்புவதில் ஆக்ஷேபம் இல்லை.

மூன்றாம் வீட்டு மாமாவுக்குக் கொடுத்த வாக்கின்படி சீதா எலியவுக்கும் போனேன். நுவரெலியாவுக்கு அருகே சாலையோரத்தில், ஓடைக்கரையில், வர்ணங்கள் பூசிய கோபுரத்தோடு சீதையம்மன் கோயில் இருக்கிறது. ஓடைப் பாறையில் உள்ள குழிகளை ஹனுமாருடைய திருவடி என்று காட்டுகிறார்கள். அந்தக் குளிரில் ஒற்றைப் புடவையோடு பிராட்டி பத்து மாதம் இருந்தாள் என்று கேட்டபோது, இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்த எனக்கு ராவணன்பேரில் முன்னெப்போதும் இல்லாத கோபம் உண்டாயிற்று. அதே ராவணன், திருகோணமலையில், தாயாருடைய கர்மத்துக்காகப் பூமியைக் குத்தியபோது தோன்றியவை என்று சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றுகளைப் பார்த்ததும் கோபம் சிறிது தணிந்தது. ஏழு சிறு கிணறுகள், ஏழிலும் ஏழு விதமான சூடு. மாத்ருபக்தியுள்ளவன் அடியோடு கெட்டவனாக இருக்கமாட்டான் என்று ஏழாவது வாளியை ஊற்றிக்கொள்ளும்போது தோன்றிற்று.

பொலன்னறுவை விஷயத்தில்தான் கழித்தல் சித்தாந்தம் தடுமாறிற்று. பராக்கிரமபாகுவின் கல்விகாரையில், பதினாலு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர்பிரானின் தலையணை, தலையின் பாரத்தால் சற்றே உள்வாங்கியிருப்பதைக் கல்லிலே காட்டியிருக்கும் சிற்பியின் கைத்திறனுக்குத் திருவனந்தபுரத்தில் ஈடு இல்லை. அதைக் கழிக்க இடமில்லை. ஆனால் சிதிலமான கோட்டைக்குச் சற்று வடக்கே, தொல்பொருள் இலாகாக்காரர்கள் இரண்டாம் இலக்கச் சிவாலயம் என்று பெயரிட்டிருக்கும் சிறு கற்றளியை அடைந்தபோது, சுற்றிலும் செங்கல்லாகவே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, அதிஷ்டானம் முதல் சிகரம்வரை கல்லாய், நாலு மூலையிலும் நந்தியாய், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அப்படியே பெயர்த்துவந்து வைத்த ஒரு கோயில் தெரிந்தது. வானவன்மாதேவி ஈசுவரம் என்பது இதற்குச் சோழர் வைத்த பெயர். வானவன்மாதேவி ராஜராஜனுடைய தேவிமாருள் ஒருத்தி. பொலன்னறுவையே அன்று ஜனநாதமங்கலம். சிங்கள ராஜா விஜயபாகு 1070இல் துரத்தும்வரை சோழர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

ராஜராஜனுடைய மெய்க்கீர்த்தியைச் சாவதானமாக வாசித்தால், அதுவும் ஒரு ஜாபிதாதான் என்பது புலப்படும். வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம் என்று வரிசையாகப் போய், ஈழமண்டலத்தைத் தொட்டு, கடைசியில் பழந்தீவுகள் பன்னீராயிரத்தில் முடிகிறது. இந்த வரிசையில் முதலிடம் காந்தளூர்ச் சாலைக்கு. அது எங்கள் வலியசாலைதான் என்பது எங்கள் தெருவில் ஐயத்துக்கு இடமில்லாத சத்தியம். வேறு ஊர்க்காரர்கள் வேறு இடம் சொல்வார்கள், ஊர் அபிமானம் யாரை விட்டது. ஆகவே, சோழசக்கரவர்த்தி பார்த்தே தீரவேண்டியவை என்று கருதியவற்றுள் எங்கள் தெரு முதலாவது, இலங்கை அதற்கு வெகுதூரம் பின்னால். ஆனால் அவர் தனியே போகிற பிரயாணி அல்லர். சேனையோடு போனார், சீட்டும் வாங்கவில்லை.

இந்த வியாக்கியானத்தை, பக்கத்தில் நின்று நந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு டச்சுக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தம் கைப்புத்தகத்தின் இந்தியப் பகுதியைத் திருவனந்தபுரம்வரை புரட்டி, வலியசாலை அதில் காணவில்லையே என்றார். பிறகு, அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரும் உத்தேசம் உண்டென்றும், பார்த்தே தீரவேண்டியவை எவையென்றும் கேட்டு, பென்சிலைக் கூர்பார்த்துக்கொண்டார். நான் ஒரு தூணோரமாக உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். காந்தளூர் கோயிலின் மூன்று சந்நிதிகள், சாலைக் கடைத்தெருவின் சந்துகள், ஸ்வாதித் திருநாள் கட்டிய, கூரைக்குக் கீழே 122 மரக்குதிரைகள் தாங்கும் குதிரைமாளிகை, ஹிந்துக்கள் அல்லாதார் வெளியிலிருந்தே கோபுரம் பார்க்கவேண்டிய பத்மநாபஸ்வாமி கோயில், அதற்கு வேட்டி கட்டி வந்தும் பிரயோஜனம் இல்லை, நேப்பியர் மியூசியம், பொன்முடி. அநுராதபுரத்து பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை மட்டும் வரவேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். குதிரைமாளிகையும் மிருகக்காட்சிச் சாலையும் அன்றைக்கு அடைத்திருக்கும்.