அப்புறம் பாய்

பிரஸ்களுக்கு ரோலரும் பிளாங்கெட்டும் விற்கிறவன் நான். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எந்த ஊர் பிரஸ் படியேறினாலும் ஒரே மாதிரி முதலாளிதான் உட்கார்ந்திருப்பார். வேலூரில் முதலியார், குடியாத்தத்தில் நாயுடு, ஆம்பூரில் பாய். ஒரு நாள் மெஷினை நிறுத்தி சர்வீஸ் பாருங்களேன் என்றால், மூவருக்கும் ஒரே பதில்: "அப்புறம் பாக்கலாம்."

நிறுத்த நாள் ஏது? ஷூ பெட்டிக்கு ஷிப்மென்ட் அவசரம். அது முடிந்தால் கல்யாணப் பத்திரிகை. அதுவும் முடிந்தால் பிரியாணி பார்சல் டப்பா. ஆம்பூரில் அதற்கு சீசனே கிடையாது. 365 நாளுக்கும் ராகுகாலம், எமகண்டம் போட்டு காலண்டர் அடிக்கிற பாய், தன் மெஷினுக்கு ஒரு நல்ல நேரம் பார்த்ததில்லை.

வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் ஷூ கம்பெனிகளுக்கு மெயின்டனன்ஸ் சார்ட் வேண்டும்: தினம் என்ன, வாரம் என்ன, மாதம் என்ன என்று. அதை நாலு கலரில் அடித்து லேமினேட் போட்டுத் தருவதும் பாய்தான். ரெஜிஸ்டர் விலகி, கலர் மேல் கலர் சரியாக உட்காராத தாள்கள் கொஞ்சம் மிஞ்சின. அதில் வடை வைத்துத் தின்றோம். ஏன் விலகியது என்று நான் கேட்கவில்லை. வடை சூடாக இருந்தது.

மெஷின் நவீனம்தான். இத்தனை லட்சம் ஷீட் ஓடிவிட்டது, கிரீஸ் போடு என்று திரையில் அதுவே சொல்லும். சொல்லிப் பார்த்தது. பாய் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டார்.

தண்ணீர் தனிக் கதை. டேனரிக் கழிவு இறங்கிய இந்த நிலத்தடி நீர் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. ஆகவே பாய் குடிப்பது கேன் தண்ணீர். மெஷின் குடிப்பது போர் தண்ணீர். சுண்ணாம்பு ரோலரில் படிந்து மை பிடிக்காமல், டப்பாவில் கோழி சோகை பிடித்து வெளுத்து வரும். பாய் உடனே மைக் கடைக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

"பாலாத்துலயே 2021-ல வெள்ளம் வந்துடுச்சு. நம்ம சர்வீஸ் எப்ப பாய்?" என்பார் ஆபரேட்டர். பாவம், ஆயுத பூஜைக்கு அவர்தான் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். பொரிகடலைக்குக் காசு பாய் கொடுப்பார். கணக்கு நோட்டில் அது 'மெயின்டனன்ஸ்'.

போன மாதம் மெஷின் தானாகவே நின்றது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர் கேட்டார்: "கடைசியா எப்ப ரோலர் கழட்டினீங்க?"

பாய் ஆபரேட்டரைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்கு முந்தின வாரம் பாய்."

பாய் பெருமையாகத் தலையாட்டினார். அந்தப் பெண்ணின் மகன் எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.