சீல் நம்பரு கரீட்டு, உள்ள இன்னா?

வா நைனா, குந்து. ஒங்கம்மா காலைலயே வந்து பொலம்பிட்டுப் போச்சு. ஆறு மாசம் ஊரு சுத்தப் போறியாம், அதுவும் வேலைய வுடாமலே. கோடு எழுத ஏஐ கீது, அது எழுதிக்கினே இருக்கும், நீ இமாச்சலம், அப்பால தாய்லாந்துன்னு போய்க்கினே இருப்பியாம். ரொம்ப சோக்கான ஐடியா. நான் ஒண்ணும் வேணாங்கல. தென்னாட்டு ஜனத்துக்கு ஊரு சுத்த வழி காட்டினதே நம்ம ஏரியாதான? 1856 ஜூலை 1, தோ இந்த ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்துதான் மொத ரயிலு வாலாஜா ரோடுக்குப் போச்சு. ஏறினவன் எவனும், "வண்டிய டிரைவரு ஓட்டட்டும், சம்பளத்த எனக்குக் குடு"ன்னு கேக்கல. அதான் ஒனக்கும் அவனுக்கும் வித்தியாசம்.

தாய்லாந்துக்காரன் ஒஷாரு. 2024 ஜூலையில ஒன்ன மாதிரி லேப்டாப் தூக்கிக்கினு வர்றவனுக்குன்னே ஒரு விசா வுட்டான். அஞ்சு வருசம் செல்லும், ஒரு வாட்டி போனா 180 நாள் குந்தலாம். ஆனா பேங்க்குல அஞ்சு லட்சம் பாட் காட்டணும். நீ அவன் கடலப் பாக்கப் போற, அவன் ஒன் பாஸ்புக்கப் பாக்கறான். நம்ம பட்டினத்தாரு எல்லாத்தையும் வுட்டுட்டு ஊரூரா சுத்தி, கடைசில ஒத்தியூர் கடலாண்ட வந்து அடங்கினாரு. அவரு கைல சார்ஜர் இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டிங்கும் இல்ல.

செரி, ஏஐக்கு வருவோம். என் பேத்தி சிறுசேரில வேல பாக்குதில்ல, அது ஒண்ணு படிச்சுக் காட்டிச்சு. 2025ல அமெரிக்காவுல மெட்டர்னு ஒரு அமைப்பு, நல்லா பழம் தின்னு கொட்ட போட்ட 16 பேரக் கூப்ட்டு, அவுங்க கைல பொழங்கின கோடுலயே 246 வேல குடுத்திருக்குது. பாதி ஏஐயோட, பாதி ஏஐ இல்லாம. முடிச்சிட்டு கேட்டா, ஏஐ இருந்ததால 20 சதம் சீக்கிரமா முடிச்சோம்னாங்களாம். கடியாரத்தப் பாத்தா 19 சதம் லேட்டு. எனக்குப் புடிச்சதே அதான். லேட்டானது பெருசில்ல, லேட்டானதே தெரியாம சந்தோஷமா இருந்தானுங்க பாரு! "அது பழைய ஏஐ தாத்தா, இப்ப இருக்கறது பறக்குது"ன்ன. பறக்கட்டும்.

நான் ஹார்பர்ல டாலி கிளார்க்கா இருந்தவன், ஒனக்குத் தெரியும். அப்பல்லாம் மூட்டைதான். கிரேன்ல வலையக் கட்டி எறக்குவான், எத்தினி மூட்டன்னு எண்ணி நோட்டுல கோடு போடணும். பில்லுல கோதுமன்னு போட்டிருந்தா கோதுமைய கண்ணால பாப்பேன். கிழிஞ்ச மூட்ட எது, நனைஞ்ச மூட்ட எது, கொக்கி மாட்டி ஓட்ட போட்டது எது, எல்லாம் தெரியும். சில சரக்கு மோந்து பாத்தாலே போதும். அப்பால 1983ல, இந்தியாவுலயே மொதமொதல்ல கன்டெய்னருக்குன்னு தனி டெர்மினல் நம்ம ஹார்பர்லதான் வந்திச்சு. வேல சொகமாயிடிச்சு. பெட்டி நம்பர எழுது, சீல் நம்பர எழுது, நசுங்கல் இருந்தா அதயும் எழுது, கையெழுத்த போடு, அட்த்த பெட்டி. உள்ள இன்னா கீதுன்னா, அனுப்பிச்சவன் சொன்னதுதான். ஆயிரம் மூட்ட எண்ற நேரத்துல ஆயிரம் பெட்டி போயிடும். எவன் வேணாம்பான்?

ஆனா 2015ல கஸ்டம்ஸ்காரன் ஒரு சரக்கப் புடிச்சான், ஞாபகம் கீதா? நீ அப்ப சின்ன பையன். 740 டன் அமோனியம் நைட்ரேட்டு. காயிதத்துல ஒரம், உள்ள வெடி போட்ற தரம். புடிச்சத மணலி யார்டுல 37 பெட்டில அடுக்கி வெச்சுட்டாங்க. அஞ்சு வருசம் அப்டியே. அந்தப் பக்கமா சைக்கிள்ல போனவன், மார்க்கெட்டுக்குப் போனவன் ஒருத்தனுக்கும் தெரியாது. 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் ஹார்பர்ல அதே சரக்கு வெடிச்சு ஊரே தூளாச்சு பாரு, அப்பதான் நம்மாளுக்கு, "ஏம்ப்பா, நம்ம கிட்டயும் ஒண்ணு இருந்துதே"ன்னு ஒறைச்சிது. அவசர அவசரமா 697 டன்ன ஐதராபாத்துக்கு அனுப்பிச்சாங்க. மீதிய 2015 மழ வெள்ளம் தின்னுடுச்சு.

ஒன் ஏஐ தினம் எத்தினி பெட்டி எறக்குது? நீ எத்தினி பெட்டிய தொறந்து பாத்த? சிரிக்காத. பெட்டி மேல கையெழுத்து ஏஐயோடது இல்ல கண்ணு, ஒன்னோடது. 2025 ஜூலையில ரெப்ளிட்னு ஒரு கம்பெனியோட ஏஐ, எதையும் தொடாதன்னு சொல்லியும் கேக்காம, ஒரு ஆளோட டேட்டாபேஸ மொத்தமா தொடச்சிடிச்சாம். கேட்டா, பதறிட்டேன்னு சொல்லிச்சாம். திருப்பி எடுக்கவே முடியாதுன்னு வேற அடிச்சு சொல்லிச்சாம், அந்தாளு முயற்சி பண்ணிப் பாத்தா எடுக்க முடிஞ்சுது. எங்க ஹார்பர்லயும் இப்டி ஆளுங்கள பாத்துகீறேன். ஆனா அவனுங்களுக்கு மெமோ குடுக்கலாம். இதுக்கு இன்னா குடுப்ப?

மேனேஜருக்கு சொல்லிட்டியா, ஊரு சுத்தப் போறேன்னு? ...சொல்லல. வீடியோல பின்னால பொய்யா ஒரு சுவரு ஒட்டிக்குவியா? அடேங்கப்பா, இத சுந்தரமூர்த்தி நாயனாரு அப்பவே ட்ரை பண்ணாரு. ஆரூர்ல சம்சாரம் பரவையாரு இருக்கசொல்லவே, ஒத்தியூருக்கு வந்து பூ தொடுக்கற சங்கிலியார கட்டிக்க ஆசப்பட்டாரு. ஒங்க ஆபீஸ்ல மூன்லைட்டிங்னு திட்றாங்களாமே, அது. பொண்ணு, "ஒன்ன வுட்டு போவ மாட்டேன்னு சாமி எதிர்ல சத்தியம் பண்ணு"ன்னுச்சு. இவரு நேரா சாமியாண்ட போயி, "நான் சன்னிதில சத்தியம் பண்ற நேரத்துக்கு நீ மகிழ மரத்துக்கு மாறிடு"ன்னாரு. சாமி செரின்னாரு. சொல்லிட்டு, நேரா பொண்ணு கனவுல போயி, "மரத்தடில சத்தியம் கேளு"ன்னுட்டாரு! ரெண்டு பக்கமும் செரி போட்ற ஆள நம்பி ஒருத்தரு மரத்தடிலயே சத்தியம் பண்ணி மாட்டிக்கினாரு. சாமி வெளையாட்டு, அத கேக்க நான் யாரு? அப்பால வசந்த காலம் வந்திச்சு, ஆரூரு ஞாபகம் வந்திச்சு, கெளம்பினாரு. சத்தியத்த மீறி ஒத்தியூர் எல்லையத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. வழியில ஒரு ஊன்றுகோல் கெடச்சுது, காஞ்சியில ஒரு கண்ணு, ஆரூர்ல இன்னொண்ணு. மாசித் திருவிழால மகிழடி சேவன்னு இன்னிக்கும் கொண்டாட்றாங்க. தென்னிந்தியாவுல வேற எங்கனாச்சும் ஒரு அக்ரிமெண்ட் மோசடிக்கு வருசா வருசம் திருவிழா எடுக்கறாங்களா, சொல்லு.

அதனால நீ இன்னா பண்ற, மொத மேனேஜராண்ட வாயத் தொற. அவன் செரின்னா போ, மாட்டேன்னா லீவு எடுத்துனு போ. அப்பால ஏஐ எழுதினத ஒரு வாரம் எடுத்துனு, பக்கத்து சீட்டு பையனாண்ட, எது எதுக்கு எழுதினதுன்னு வாயால சொல்லிப் பாரு. சொல்ல முடிஞ்சத அனுப்பு. சொல்ல வராதத நிப்பாட்டி வை. இல்லாட்டி ஸ்பிதி மலையில, டவர் கெடைக்காத எடத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு போர்வைய போத்திக்கினு அதையே சொல்ல வேண்டி வரும். குளுருல ஏஐ ஒனக்கு டீ போட்டுத் தராது.

டிக்கெட்டு எப்ப போட்டிருக்க? ஜூன் கடைசியா? மடையா! இப்ப மீன்புடி தட, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரிக்கும். இந்த 61 நாள்ல கெளம்பியிருந்தா மனசு கலங்காம போயிருப்ப. தட முடிஞ்சு காசிமேட்டுல போட்டு எறங்கினா வஞ்சிரம் வெல சரியும், ஒங்கம்மா கொழம்பு வெப்பா, நீ ரெண்டாவது தட்டுக்கு கையேந்துவ. அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணா பாதி துட்டுகூட திரும்பாது. அந்த நேரம் ஏர்லைன்ஸ்காரனாண்ட பேசறதுக்காச்சும் ஒன் ஏஐ ஒதவுதான்னு கேட்டு வெய்யி.