மடிக்கணினித் திருப்பள்ளியெழுச்சி: ஓர் ஆராய்ச்சி

மன்னனைத் துயில் எழுப்புவதற்கென்றே தமிழில் ஒரு துறை உண்டு. தொல்காப்பியர் அதைப் பாடாண் திணையில் வைத்துத் துயிலெடை நிலை என்றார். பின்னாளில் மன்னன் இருந்த இடத்துக்கு இறைவன் வந்தான். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குப் பத்துப் பாசுரம் பாடினார்; மாணிக்கவாசகர் சிவபெருமானுக்குப் பத்துச் செய்யுள் பாடினார். அந்த வரிசையில் இன்று லேப்டாப் வந்து படுத்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, “எழுந்து தொலையேன்” என்று வீட்டுக்கு வீடு பாடப்படுவதும் துயிலெடை நிலையே என்று நிறுவி, அதற்கோர் இலக்கணம் வகுப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் குறித்து நாட்டில் மூன்று மதங்கள் நிலவுகின்றன. முதலாவது மூடித் திறப்போர் மதம். ஒருமுறை சாத்தித் திறந்தால் எழும், எழாவிட்டால் சாத்தியது போதாது என்பது இவர்கள் கொள்கை. இரண்டாவது தட்டுவோர் மதம். பிக்சர் டியூப் டிவி காலத்தில் தழைத்தது. ஆதாரம் கிடையாது, அடியார் கூட்டம் மட்டும் குறையவில்லை. மூன்றாவது, ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ மதம். பெரும்பான்மை மதமாகையால் அதைக் கடைசியில் மரியாதையோடு மறுப்போம்.

யார் உறங்குகிறார், என்ன உறக்கம் என்று விசாரிக்காமலே எழுப்பத் தொடங்குவது மூவருக்கும் பொதுவான குறை. இந்த விஷயத்தில் ஆண்டாளின் தோழியர் எவ்வளவோ மேல். திருப்பாவையின் ஒன்பதாம் பாசுரத்தில், சுற்றிலும் விளக்கெரியும் மாளிகைக்குள் ஒருத்தி தூங்குகிறாள். வாசலில் நிற்பவர்கள் கதவை உடைக்கவில்லை. அவளுக்குப் பேச வராதா, காது கேட்காதா, அசதியா, யாராவது மந்திரம் போட்டுவிட்டார்களா என்று அவள் தாயிடம் கேட்கிறார்கள். சர்வீஸ் சென்டர்களில் இன்றும் இவ்வளவு முறையாக யாரும் கேட்பதில்லை. நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

முதற்குறி, பேச்சு வராமை. பவர் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை. உடையவர் ‘செத்துடுச்சு’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறார். அவசரம் கூடாது. கேப்ஸ் லாக்கை ஒருமுறை அமுக்குக. அதிலுள்ள கடுகளவு விளக்கு எரிந்து, மறுமுறை அமுக்கினால் அணைகிறதா? அப்படியாயின் உள்ளே ஆள் விழித்துக்கொண்டிருக்கிறார் என்க. திரைக்குச் செய்தி போகவில்லை, அவ்வளவே. குற்றவாளி பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘B’யைத் தட்டினால், ‘பீப்’ என்ற ஒலியோடு அந்த டிரைவர் புதிதாகத் தொடங்கும். விரல்களுக்குக் கொஞ்சம் சிரமம். வீணை பழகியவர்களுக்கு எளிது.

காது கேளாமை சிறிய குறி. கீபோர்டைத் தட்டினால் எழாது, பவர் பட்டனுக்கு எழும். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்கு எழுப்பும் அதிகாரம் டிக் செய்யப்படாமல் கிடக்கும். டிக் செய்தால் பெரும்பாலும் தீர்ந்தது. மவுஸுக்கும் அதே அதிகாரத்தை வாரி வழங்கிய வீடுகளில், நள்ளிரவில் பூனை வால் பட்டு லேப்டாப் விழித்தெழுவதும் உண்டு.

அசதி என்பது நம் அவசரத்துக்கு நாம் வைத்த பெயர். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் இலக்கணம் உறக்கத்தைப் படிநிலைகளாக வகுத்தது. எஸ்3 என்ற நிலையில் பிராசசர் அணைந்துவிடும், ரேமுக்கு மட்டும் மின்சாரம் ஓடும். அதையும் முழு உறக்கம் என்று சொல்ல முடியாது. டிடிஆர்4 ரேமில் ஒவ்வோர் அறையும் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாக வேண்டும்; இல்லையேல் எழுதியது அழியும். பாற்கடலில் பெருமாள் கொண்டிருப்பதும் இதே போன்ற அறிதுயில்தான் என்று ஒரு சாரார் வாதிடக்கூடும். எஸ்4 வேறு. ரேமில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மொத்தமாக அணைவது. எழுப்பும்போது அத்தனையையும் திரும்பப் படிக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் நேரம் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பவர்தான் இங்கே நோய்.

2015இல் விண்டோஸ் 10உடன் வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பையோ, அரைக்கண் மூடியபடி மெயில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கும் உறக்கம். ஏதாவது ஒரு டிரைவர் அடம்பிடித்தால், பைக்குள் கிடக்கும் லேப்டாப் இட்லிக் குண்டான் மாதிரி சுட்டுப்போகும். வெளியே எடுத்தால் பேட்டரி காலி. இரவெல்லாம் உறங்காமல் இருந்துவிட்டுக் காலையில் எழ மறுக்கும் கல்லூரி மாணவரின் நிலை என்று இதற்கு உரை கூறுக.

மந்திரக் குறிதான் ஆய்வாளனுக்குப் பெருவிருந்து. மூடி சாத்தியிருக்கிறதா என்பதை லேப்டாப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பலவற்றில் மூடியில் ஒரு சிறு காந்தமும், அடிப்பாகத்தில் ஒரு ஹால் சென்சாரும் இருக்கும். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவால் இயங்குவது. காந்தம் நெருங்கினால் மூடியாயிற்று என்று அது முடிவு கட்டும். எந்தக் காந்தம், யாருடையது என்று கேட்காது. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையோடு ஒருவர் விசைப்பலகை ஓரத்தில் மணிக்கட்டை ஊன்றினால், திறந்திருக்கும் லேப்டாப் பொட்டென்று தூங்கிவிடலாம். இன்னொரு லேப்டாப்பின் மேல் அடுக்கி வைத்தாலும் அப்படியே. எழுப்ப எழுப்பத் தூங்கும். வீட்டில் திருஷ்டி என்பார்கள். வாட்சைக் கழற்றினால் திருஷ்டி கழிந்துவிடும்.

இந்நான்கிலும் அடங்காத ஒன்று உண்டு. அதற்குப் பத்தாம் பாசுரம். கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுத் தன் தூக்கத்தை உனக்கே கொடுத்துவிட்டானா என்று அங்கே கேலி செய்கிறார்கள். கேப்ஸ் லாக்கும் அசையாத லேப்டாப் இந்த வகை. எழும்போது திரை, வைஃபை, டிஸ்க் என்று ஒவ்வொன்றின் டிரைவரும் தன் பழைய நிலையை மீட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் மொத்த வீடும் நின்றுபோகலாம். இதற்குப் பாட்டு பயன்படாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். சேமிக்காதது போயிற்று. அடிக்கடி நேர்ந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரையும் பயாஸையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பிக்க வேண்டும்.

இனி மூன்றாம் மதத்தை மறுப்போம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்தவை மூடப்படும். இயங்குதளத்தின் கருவும் அதன் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படும். அடம்பிடித்த டிரைவர் தன் அடத்தோடேயே திரும்பி வரக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்பது பிழை. ‘ரீஸ்டார்ட் பண்ணு’ என்பதே சுத்த பாடம்.

லேப்டாப்பைச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஆன் ஆகலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா, விசிறி சுற்றுகிறதா, மூடியைச் சாத்திய பிறகுதான் இப்படி ஆகிறதா என்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். திரையையே மாற்ற வேண்டும் என்று எதிரில் இருப்பவர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.