சித்தப்பாவும் டிமேட் கணக்கும்

செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டார். உள்ளே நுழைய 1698 ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பங்குச் சந்தை திறக்கும் 9.15-க்கு வாங்கி, டீ ஆறுவதற்குள் விற்று, லாபத்தில் வடையும் தின்றாக வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடா இது ஷேரு? சொல்லு, கேப்போம்."

"ஒரு கம்பெனியைக் கோடிக்கணக்கான கூறா போட்டிருக்காங்க சித்தப்பா. ஒரு கூறு வாங்கினா நீங்களும் ஒரு முதலாளி."

"அப்ப அங்க போயி ஒரு நாற்காலி எடுத்தாரலாமா?"

"கூடாது. லாபம் வந்தா டிவிடெண்ட் தரலாம். தராமலும் இருக்கலாம்."

"நல்ல முதலாளிடா!"

இவரிடம் புத்தக விளக்கம் செல்லாது என்று விற்பனைக்கூடத்துக்குத் தாவினேன். அவர் மல்லாட்டை மூட்டையைக் கொண்டுபோய் இறக்குகிற இடம்தானே. அங்கே மறைமுக ஏலம். ஒரு வியாபாரி எழுதிய விலை இன்னொருவருக்குத் தெரியாது. பங்குச் சந்தையில் எல்லாம் வெட்டவெளிச்சம். இன்ன விலைக்கு இத்தனை பங்கு கேட்கிறார்கள், இன்ன விலைக்கு இத்தனை பங்கு விற்க நிற்கிறார்கள் என்று இரண்டு வரிசையும் செல்போனில் ஓடும். கேட்கிற விலையும் சொல்கிற விலையும் எங்கே முட்டுகிறதோ, அங்கே வியாபாரம் முடிந்தது. 'இதற்குமேல் காலணா தரமாட்டேன்' என்பது லிமிட் ஆர்டர். 'என்ன விலையானாலும் சரி, கொடு' என்பது மார்க்கெட் ஆர்டர்.

"என்ன விலையானாலும் சரின்னு வியாபாரிகிட்ட வாயத் தொறந்தா அவன் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா. அதிகம் கைமாறாத சின்னக் கம்பெனிப் பங்கில் மார்க்கெட் ஆர்டர் போடுகிறவருக்கு நேர்வதும் அச்சு அசல் அதுவேதான். ஆனால் அடுத்த கேள்வியில் மடக்கிவிட்டார். "விலை படியலன்னா மல்லாட்டைய வூட்டுக்குக் கொண்டாந்து செக்குல ஆட்டுவேன். ஷேர எதுல ஆட்டுறது?"

பதில் தெரியாததால், பங்கை விற்றால் மறுநாளே கணக்கு தீர்ந்துவிடும் என்றேன். 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குக்கும் அப்படித்தான். சித்தப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு ஆலைக்குக் கரும்பு போட்டுவிட்டு, பணத்துக்காகக் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தவர் அவர்.

பையன்கள் ஆடுவது இந்தப் பங்கு வியாபாரம்கூட அல்ல, எஃப் அண்ட் ஓ. பங்கை வாங்காமலே அதன் விலை ஏறுமா இறங்குமா என்று கெடு வைத்துக் கட்டும் ஆட்டம். இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் கணக்குச் சொன்னது. மீதி 7 பேரும் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒருவராவது நஷ்டம் என்று சொல்லட்டும்!

பங்குக் கம்பெனி செஞ்சிக்குப் புதிதும் இல்லை. ஊரறியப் பங்கு விற்று 1602-ல் தொடங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் ஆட்கள் சில ஆண்டுகளிலேயே செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரிடம் வந்து, கடலூர் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தேவனாம்பட்டினம் எந்தத் திசை என்று தெரிந்திருக்கும்? நம் பையன்களுக்கும் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்பது அநாவசியம். 1750-ல் செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே புகுந்த பிரெஞ்சுக்காரர்களும் பங்குக் கம்பெனிதான்.

இவர்களில் கெட்டிக்காரன் ஆங்கிலக் கம்பெனி. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது மராத்திய அரசர் ராஜாராம் இங்கே செஞ்சியில் இருந்தார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்று பேச்சு.

"பெரிய பீரங்கியா பாத்துக் கொண்டாந்திருப்பானே" என்றார் சித்தப்பா. இவருக்கு வகுப்பே தேவையில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணக்கு தொடங்கிவிடலாம் என்று பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் எடுத்து வந்தார். பங்குகளை வைக்கிற டிமேட் கணக்குப் படிவத்தில் நாமினி என்ற இடம் வந்தது.

"சித்தி பேரைப் போட்டுடட்டுமா?"

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அவளுக்குத் தெரியாமதானடா ஆரம்பிக்கிறேன்."

நாமினி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "எம் பேர்ல இனிஷியல் சரியா போடச் சொல்லு!"